தேக்கு மேசைப் பலகையில் விழுந்த பிளவு

900 மி.மீ. அகலத் தேக்குப் பலகை, சித்திரை வெயிலில், துண்டுகளைப் பசையிட்டுச் சேர்த்த ஒட்டு வழியாகவே 2 மி.மீ. பிளந்தது. குற்றம் பசையில் இல்லை. எட்டு ஸ்க்ரூ போட்டுச் சட்டத்தோடு இறுக்கியிருந்தேன். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலத்தில் மழைக்கும் வெயிலுக்கும் ஐந்தாறு மி.மீ. கூடிக் குறையும். நகர இடமில்லாவிட்டால் பிளக்கத்தான் செய்யும்.

ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் பிளவு பாதி தானே மூடிக்கொண்டது. மீதியில் மக்கு (மரச் சந்து அடைக்கும் விழுது) அடைக்கவில்லை. அடைத்தால், மழைக்காலத்தில் மரம் விரியும்போது அந்த மக்கு இருபுறமும் நெருக்கும். பிளவு வழியாகவே முழுதாக அறுத்து, இரு முகத்தையும் இழைத்து, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்தேன் (தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது). கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டேன்.

குறுக்குச் சட்டங்களில் நடு ஸ்க்ரூவுக்கு மட்டும் வட்டத் துளை. மற்றவற்றுக்கு 5க்கு 14 மி.மீ. நீள்துளை, பலகையின் அகலவாக்கில். வாஷர் வைத்து முடுக்கியபின் கால் சுற்று தளர்த்த வேண்டும்.