ஜாவா வலை சர்வரைக் கட்டளைவரியிலிருந்து ஓட்டுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் இண்டர்ன்ஷிப் போகிற நம் பிள்ளைகள் பலர் ஜாவாவில் நன்றாகவே நிரல் எழுதுகிறார்கள், ஆனால் சர்வரை ஓட்ட எடிட்டரில் உள்ள பச்சை பொத்தானை அழுத்தித்தான் பழக்கம். வேலையிடத்து லினக்ஸ் கணினியில் அந்தப் பொத்தான் இருக்காது, கருப்புத் திரையும் துடிக்கிற கர்சரும்தான். அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. எந்தத் தெரிவை (கட்டளையோடு சேர்க்கிற, சிறுகோட்டில் ஆரம்பிக்கிற ஆப்ஷனை) எந்த இடத்தில் போடுவது என்று பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது, அதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே. கட்டளைகளை ஒலிக்கிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் டெர்மினலில், அதாவது அந்தக் கருப்புத் திரையில், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நான் 'பெரிய எழுத்து' என்று சொல்லாத இடமெல்லாம் சிறிய எழுத்து. வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த கட்டளையை வெட்டி ஒட்டாதீர்கள், இரண்டு சிறுகோடுகளை அவை சில நேரம் ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

முதலில் ஜாவா எந்தப் பதிப்பு என்று பாருங்கள்:

ஜாவா -வெர்ஷன்

18 அல்லது அதற்கு மேல் வந்தால் நல்லது. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18-இலிருந்து ஜேடிகே-யோடு (ஜாவாவில் நிரல் எழுதப் போடுகிற கருவித் தொகுப்பு) ஒரு குட்டி வலை சர்வரும் சேர்ந்தே வருகிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். இன்னும் நிறைய இடங்களில் 17 தான் ஓடுகிறது, அதில் இது கிடையாது, 21-ஐப் போட்டுக்கொள்ளுங்கள்.

குட்டி சர்வரோடு ஆரம்பிப்போம்

ஒரு கோப்புறையில் 'இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்' என்ற பக்கத்தை வையுங்கள். பக்கத்தில் தமிழ் இருந்தால் தலைப்பகுதியில் மெட்டா குறியில் எழுத்துக்குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று கட்டாயம் எழுதுங்கள், இல்லையென்றால் பிரவுசர் தானாக எதையோ ஊகித்து 'வணக்கம்' இருக்க வேண்டிய இடத்தில் குப்பை எழுத்தைக் காட்டலாம். சரி, டெர்மினலில் அந்தக் கோப்புறைக்குள் போய்த் தட்டுங்கள்:

ஜேவெப்சர்வர்

அவ்வளவுதான். எந்தக் கோப்புறையை, எந்த முகவரியில், எந்த போர்ட்டில் பரிமாறுகிறது என்று திரையில் வரும். பிரவுசரில் 127.0.0.1:8000 என்று அடித்தால் உங்கள் பக்கம் தெரியும். இண்டெக்ஸ் கோப்பு இல்லையென்றால் கோப்புகளின் பட்டியல் தெரியும். நிறுத்த, கண்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்துங்கள்.

போர்ட் என்பது ஒரே கணினியில் பல நிரல்கள் வலையில் பேசும்போது எந்தச் செய்தி எந்த நிரலுக்கு என்று பிரிக்கிற எண். 8000 வேண்டாமென்றால்:

ஜேவெப்சர்வர் -பி 9000

80 போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள எண்களுக்குச் சாதாரணப் பயனருக்குப் பொதுவாக அனுமதி கிடையாது, கற்கும்போது அந்தப் பக்கம் போக வேண்டாம். வேறு கோப்புறையைப் பரிமாற '-டி' போட்டு அதன் முழுப் பாதையைக் கொடுங்கள். பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

அடுத்து '-பி' என்றே ஒலிக்கிற இன்னொரு எழுத்து, ஆங்கில நெடுங்கணக்கில் இரண்டாவது எழுத்து. இதில் மட்டும் நிதானம் வேண்டும். எந்த முகவரியில் காது கொடுப்பது என்பதை இது சொல்கிறது. சும்மா ஓட்டினால் 127.0.0.1, அதாவது உங்கள் கணினியில் உள்ள பிரவுசர் மட்டும்தான் பார்க்க முடியும். இங்கே 0.0.0.0 என்று கொடுத்தால் அதே வைஃபையில் உள்ள மற்றவர்களும் பார்க்கலாம். தமிழ்ப்பள்ளிக் கணினி அறையில் ஆசிரியர் ஒரு பாடக் கோப்புறையை மாணவர்களுக்குக் காட்ட அருமையான வழி, விண்டோஸ் ஃபயர்வால் கேட்கும்போது தனி நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். ஆனால் இதையே மாமாக் கடை வைஃபையில் உட்கார்ந்து செய்தால், பக்கத்து மேசையில் தே தாரிக் குடிக்கிறவருக்கும் உங்கள் கோப்புறை திறந்திருக்கலாம். கடவுச்சொல் கிடையாது, எச்டிடிபிஎஸ் கிடையாது. பாடத்துக்கும் சோதனைக்கும் மட்டும்தான் இது, பொது இணையத்தில் இதை வைக்கவே வைக்காதீர்கள்.

'-ஓ வெர்போஸ்' என்று சேர்த்தால் வருகிற ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பு விவரங்களும் திரையில் ஓடும். பிரவுசர் உண்மையில் என்ன கேட்கிறது என்று கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை, ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள்.

இப்போது நிஜ ஆப்

குட்டி சர்வர் இருக்கிற கோப்பை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவே. படிவம் வாங்க, தரவுத்தளத்தோடு பேச ஸ்பிரிங் பூட் (ஜாவாவில் வலை ஆப் கட்ட உதவும் சட்டகம்) போன்ற ஒன்று வேண்டும். அதில் கட்டிய ஜார் கோப்புக்குள்ளேயே (ஆப் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய கோப்பு) சர்வரும் இருக்கும். உங்கள் கோப்பு 'ஆப்.ஜார்' என்றால்:

ஜாவா -ஜார் ஆப்.ஜார்

வேறு எதுவும் சொல்லாவிட்டால் 8080-இல் எழுந்து நிற்கும். மாற்ற வேண்டுமா?

ஜாவா -ஜார் ஆப்.ஜார் --சர்வர்.போர்ட்=9090

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அந்த ஒரு வரியில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், ஜாவா இயந்திரமும் (ஜாவா நிரலை ஓட்டுகிற ஜேவிஎம்) உங்கள் ஆப்பும். ஜார் கோப்பின் பெயருக்கு முன்னால் வருவதெல்லாம் இயந்திரத்துக்கு, பின்னால் வருவதெல்லாம் ஆப்புக்கு. இடம் மாறினால் என்ன ஆகும்? '--சர்வர்.போர்ட்' என்பதை முன்னால் போட்டால் இயந்திரம் 'இந்தத் தெரிவு எனக்குத் தெரியாது' என்று உடனே நின்றுவிடும், அது நல்லதுதான், தவறு தெரிந்துவிடுகிறது. நினைவக அளவைப் பின்னால் போட்டால்தான் ஆபத்து. ஆப் அதைக் கண்டுகொள்ளாது, பிழையும் வராது, எல்லாம் சரியாக ஓடுகிற மாதிரியே இருக்கும், கூட்டம் வருகிற நாளில்தான் நீங்கள் வைத்த வரம்பு எங்குமே இல்லை என்று தெரியும். ஒற்றைச் சிறுகோடோடு வருகிற இயந்திரத் தெரிவு எதுவானாலும் இப்படித்தான். ஆகவே எண்டர் தட்டும் முன் ஜார் பெயரைக் கண்ணால் தேடி, அதன் இரண்டு பக்கமும் பாருங்கள்.

நினைவக வரம்பு இப்படி:

ஜாவா -எக்ஸ்எம்எக்ஸ்256எம் -ஜார் ஆப்.ஜார்

முதல் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் இயந்திரம் பொதுவாகக் கணினி நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளும். ஒரு ஜிபி உள்ள மலிவு வாடகை சர்வரில் முழு ஒரு ஜிபியையும் கொடுக்காதீர்கள், இந்த எண் ஹீப்புக்கு (ஆப் உருவாக்கும் பொருள்கள் தங்கும் நினைவகப் பகுதி) மட்டும்தான், த்ரெட்டுகளுக்கும் வகுப்பு விவரங்களுக்கும் இயந்திரம் தனியாக எடுக்கும், அப்புறம் இயக்கமுறைமைக்கும் மிச்சம் வேண்டுமே.

நம் ஊர்க்காரர்களுக்கு மிகவும் தேவைப்படுவது நேர வலயம். வெளிநாட்டு வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) ஓடும், உங்கள் ஆப் காட்டுகிற நேரம் எட்டு மணி நேரம் பின்தங்கும், கோலாலம்பூரில் காலை 7 மணிக்குப் போட்ட பதிவு முந்தைய நாள் இரவு 11 என்று நிற்கும். இதைச் சேருங்கள்:

ஜாவா -டியூசர்.டைம்ஸோன்=ஏஷியா/கோலா_லம்பூர் -ஜார் ஆப்.ஜார்

தொடக்கத்தில் உள்ள டி பெரிய எழுத்து, அதை ஒட்டியே 'யூசர்'. ஏஷியா, கோலா, லம்பூர் மூன்றின் முதல் எழுத்தும் பெரியது, கோலாவுக்கும் லம்பூருக்கும் நடுவில் அடிக்கோடு. பினாங்குக்கும் இதே பெயர்தான். எழுத்துப் பிழை இருந்தால் ஜாவா ஒன்றும் சொல்லாமல் நீங்கள் கேட்டதை விட்டுவிடும், அதனால் ஓட்டியதும் ஆப் திரையில் எழுதும் வரிகளில் (லாக்) வரும் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். 'ஜிஎம்டி+8' என்று சுருக்கமாகப் போடலாமே என்பவர்களுக்கு: தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-ஆம் தேதிதான் எட்டு மணி நேரத்துக்கு மாறியது, அதற்கு முன் ஏழரை. ஊர்ப் பெயரைக் கொடுத்தால் பழைய தேதிகளையும் ஜாவா சரியாகக் கணக்கிடும், அம்மா அப்பாவின் பிறந்த நேரத்தைப் பதிகிற ஜாதக ஆப் எழுதுகிறவருக்கு அந்த அரை மணி நேரம் பெரிய விஷயம்.

ஒரே அமைப்பைப் பல இடத்தில் எழுதியிருந்தால் எது ஜெயிக்கும் என்று குழப்பம் வரும். ஸ்பிரிங் பூட்டில் ஜார் பெயருக்குப் பின்னால் எழுதியதுதான் முதலில், அடுத்து பெரிய டி போட்டுக் கொடுத்தது, அடுத்து சூழல் மாறிகள் (இயக்கமுறைமையில் பெயரிட்டு வைக்கும் மதிப்புகள்), கடைசியில்தான் ஆப்பின் அமைப்புகளை எழுதி வைக்கும் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு. கோப்பில் போர்ட்டை மாற்றியும் மாறவில்லையென்றால் மேலே உள்ள மூன்றையும் தேடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் கட்டளைவரியில் எழுதவே கூடாது. லினக்ஸில் அதே கணினியில் உள்ள வேறொருவர் ஓடுகிற நிரல்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' கட்டளையைத் தட்டினால் உங்கள் வரி முழுவதும் அவர் கண்ணில் படலாம். சூழல் மாறியிலோ அனுமதி குறைத்த கோப்பிலோ வையுங்கள்.

'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பிழை வந்தால், அந்த போர்ட்டில் வேறொன்று உட்கார்ந்திருக்கிறது, பல நேரம் நீங்கள் முன்பு ஓட்டி மறந்த அதே ஆப்தான். லினக்ஸிலும் மேக்கிலும் 'எல்எஸ்ஓஎஃப் -ஐ :8080', விண்டோஸில் 'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' தட்டினால் அதன் செயல் எண் கிடைக்கும். லினக்ஸில் 'கில்' போட்டு அந்த எண்ணைக் கொடுங்கள், எடுத்த எடுப்பில் '-9' சேர்க்க வேண்டாம். சும்மா 'கில்' என்றால் ஆப் தரவுத்தள இணைப்புகளை மூடிவிட்டுப் போகும், -9 அதற்கு நேரமே கொடுக்காது.