அறிவியல் கதைக்கு ஒரு பூச்சி செய்வது எப்படி?

அறிவியல் கதை எழுத உட்காருகிறவர்களில் பலர் முதலில் செய்வது, ஒரு பூச்சியைப் பிடித்து ஆளுயரத்துக்கு ஊதிப் பெரிதாக்குவதுதான். வாசகர் நம்ப மறுக்கும் இடமும் அதுதான். அளவை மாற்றினால் கால், மூச்சு, தோல், கண் என்று எல்லாமே மாறியாக வேண்டும். மாற்றாமல் விட்டால் கதை முதல் பக்கத்திலேயே ஓட்டையாகிவிடும். முறையாக மாற்றினால், அந்த மாற்றங்களே திருப்பங்களைக் கொண்டுவந்து கொடுக்கும். பூச்சிக்கு என்ன முடியாது என்பதில்தான் நல்ல கதை இருக்கிறது.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல், 10 மடங்கு காட்டும் கைலென்ஸ், மூடியில் துளையிட்ட கண்ணாடி பாட்டில், ஸ்லோ மோஷன் எடுக்கும் செல்போன், ஒரு நோட்டுப் புத்தகம். இரவில் பார்க்க, டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். கரப்பானுக்கும் பெரும்பாலான எறும்புகளுக்கும் சிவப்பு சரியாகத் தெரியாது. வெள்ளை வெளிச்சம் அடித்தால் ஓடிப்போகும் கரப்பான், சிவப்பில் தன் வேலையைத் தொடரும்.

முதலில் ஒரே ஒரு பூச்சி

‘பூச்சி மாதிரி ஒரு வேற்றுக்கிரகவாசி’ என்று தொடங்காதீர்கள். கரப்பான், முசுறு, சாணவண்டு, தட்டான், கும்பிடுபூச்சி என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நேரில் பார்க்கக் கிடைப்பதாக இருந்தால் நல்லது. சிலந்தியும் தேளும் மரவட்டையும் பூச்சிகள் அல்ல என்பதை இந்த இடத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். பூச்சிக்கு ஆறு கால், அந்த ஆறும் மார்புப் பகுதியிலிருந்துதான் கிளம்பும். வயிற்றிலிருந்து கால் முளைத்த பூச்சி படங்களில் நிறைய உண்டு, அதைப் பார்த்து வரையக் கூடாது.

நோட்டில் ஒரு பக்கம் போதும். நீளம் எத்தனை மில்லிமீட்டர், எப்போது வெளியே வருகிறது, என்ன தின்கிறது, அதை எது தின்கிறது, எப்படி வளர்கிறது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வண்ணத்துப்பூச்சி, வண்டு, எறும்பு, ஈ எல்லாம் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி என்று நாலு நிலை மாறுபவை. கரப்பானும் வெட்டுக்கிளியும் கும்பிடுபூச்சியும் குட்டியிலேயே அம்மா சாயலில் இருந்து, சட்டை உரித்து உரித்துப் பெரிதாகின்றன. இந்த இரண்டில் உங்கள் உயிரினம் எந்த வகை என்று முடிவு செய்தாலே, அதன் பிள்ளைப் பருவம் எப்படியிருக்கும், பெற்றோரும் பிள்ளையும் ஒரே உணவுக்குச் சண்டையிடுவார்களா என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

அளவு: கணக்கைப் போடுங்கள்

5 மில்லிமீட்டர் நீளமும் 5 மில்லிகிராம் எடையும் உள்ள எறும்பை 500 மடங்கு நீட்டினால் 2.5 மீட்டர் வரும். எடை 500 மடங்கோடு நிற்காது. நீளம், அகலம், உயரம் மூன்றும் வளர்வதால் 500 × 500 × 500, அதாவது 12.5 கோடி மடங்கு ஏறும். 5 மில்லிகிராம் 625 கிலோவாகிவிடும். அதைத் தாங்கும் காலின் குறுக்குவெட்டோ 500 × 500, அதாவது 2.5 லட்சம் மடங்குதான் கூடியிருக்கும். காலின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 500 மடங்கு சுமை.

‘எறும்பு தன் எடையைப்போல் 50 மடங்கு தூக்கும், அப்படியென்றால் ராட்சத எறும்பு லாரியைத் தூக்கும்’ என்பது இந்தக் கணக்கில் விழுந்துவிடும். தசையின் வலுவும் குறுக்குவெட்டைப் பொறுத்ததுதான். 50-ஐ 500-ஆல் வகுத்தால் 0.1. அந்த எறும்பால் தன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் தாங்க முடியும், எழுந்தே நிற்காது. உங்கள் பூச்சிக்கு எத்தனை மடங்கோ அந்த எண்ணைப் போட்டு இதே கணக்கை ஒருமுறை செய்யுங்கள்.

எதுவரை போகலாம்? இயற்கையே எல்லையைக் காட்டுகிறது. இன்றைய பூச்சிகளில் எடை மிகுந்தவற்றுள் ஒன்றான ஆப்பிரிக்கக் கோலியாத் வண்டின் புழு ஏறத்தாழ 100 கிராம். பூச்சியை விட்டுக் கணுக்காலிகள் (பூச்சி, சிலந்தி, நண்டு, மரவட்டை எல்லாம் சேர்ந்த கூட்டம்) முழுவதையும் எடுத்துக்கொண்டால், நிலத்தில் வாழ்வதில் பெரியது தேங்காய் நண்டு, சுமார் 4 கிலோ. பழங்காலத்துக்குப் போனால் பிரான்ஸில் கிடைத்த மெகாநியூரா என்ற தும்பி உறவின் இறக்கை விரிப்பு சுமார் 65 சென்டிமீட்டர். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பறந்தது அது. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து கடற்கரையில் 2018-இல் கண்டெடுத்த ஆர்த்ரோப்ளூரா என்ற ராட்சத மரவட்டை உறவு 2.6 மீட்டர் நீளமும் 50 கிலோவும் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

மெகாநியூரா காலத்துக் காற்றில் ஆக்சிஜன் 30 விழுக்காட்டுக்கும் மேல் இருந்திருக்கும் என்பது பரவலான மதிப்பீடு, இன்று 21. ஆகவே பெரிய பூச்சி வேண்டுமென்றால் கிரகத்தின் ஆக்சிஜனைக் கூட்டலாம். கூட்டினால் விலையும் கொடுக்க வேண்டும். அந்தக் காற்றில் பச்சை மரமே எளிதில் பற்றிக்கொள்ளும், மின்னல் ஒவ்வொன்றும் காட்டுத்தீயாகலாம். உங்கள் பாத்திரம் அங்கே இறங்கித் தீக்குச்சி உரசினால் என்ன ஆகும் என்பதை எழுதாமல், ஆக்சிஜனை மட்டும் கடன் வாங்கக் கூடாது.

ஆக்சிஜன் ஒன்றே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். ஆர்த்ரோப்ளூரா கிடைத்த பாறையின் வயது 32.6 கோடி ஆண்டு, ஆக்சிஜன் உச்சத்துக்குப் போகும் முன்னரே அது அவ்வளவு வளர்ந்திருக்கிறது. 10,500-க்கும் மேற்பட்ட புதைபடிவ இறக்கைகளை அளந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு நல்ல சேதியைச் சொன்னது: ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை ஆக்சிஜனோடு சேர்ந்தே ஏறி இறங்கிய இறக்கை அளவு, பறவைகள் வந்த பிறகு ஆக்சிஜன் கூடியபோதும் கூடவில்லை. வேகமாகத் திரும்பிப் பறக்கச் சின்ன உடம்புதான் வசதி. உங்கள் கிரகத்தின் வானத்தில் காகம் இருந்தால் ராட்சதத் தும்பியை அங்கே வைக்காதீர்கள்.

மூச்சும் குரலும் இரத்தமும்

பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடம்பின் இரு பக்கமும் வரிசையாக உள்ள சிறு துளைகள் வழியே காற்று நுழைந்து, கிளைகிளையாகப் பிரியும் குழாய்களில் ஒவ்வொரு செல்லின் வாசலுக்கும் போகிறது. கைலென்ஸில் வெட்டுக்கிளியின் வயிற்றோரம் பார்த்தால் இந்தத் துளைகள் தெரியும். வயிறு விட்டுவிட்டு அமுங்குவதும் தெரியும், காற்றைத் தள்ளுகிறது. கரப்பான்மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தால் சாவது இதனால்தான்: சாதாரணத் தண்ணீரின் பரப்பு இழுவிசை துளைக்குள் புகவிடாது, சோப்பு அந்த இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. லேசர் துப்பாக்கியைவிட ஒரு வாளி சோப்புத் தண்ணீர் கதைக்கு எவ்வளவு பொருத்தமான ஆயுதம் என்று பாருங்கள்.

வாயால் மூச்சு விடாத உயிர் வாயால் அலறாது. சுவர்க்கோழி இறக்கைகளை உரசுகிறது. சிள்வண்டு வயிற்றிலுள்ள சவ்வை உள்ளும் புறமும் சொடுக்குகிறது. மடகாஸ்கர் கரப்பான் மூச்சுத்துளை வழியே காற்றைப் பீய்ச்சிச் சீறுகிறது. இந்த மூன்றில் ஒன்றைக் கொடுங்கள். காது எங்கே என்பதையும் சொல்லுங்கள்: சுவர்க்கோழிக்கு முன்னங்காலில் இருக்கிறது, கும்பிடுபூச்சிக்கு மார்புக்கு நடுவே ஒற்றைக் காது. வெட்டினால் சிவப்பாக ஒழுகவும் கூடாது. ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை பெரும்பாலான பூச்சிகளின் இரத்தத்துக்கு இல்லாததால், அது நிறமற்றோ வெளிர் மஞ்சள், பச்சையாகவோ இருக்கும். அடித்த கொசுவில் நாம் பார்க்கும் சிவப்பு நம்முடையது.

சட்டை உரிக்கும் நேரம்

அதிகம் எழுதப்படாத பகுதி இதுதான். உடம்பைத் தாங்கும் கூடு நம் எலும்புபோல் உள்ளே இல்லாமல் வெளியே இருப்பதால், பூச்சி வளர வேண்டுமென்றால் பழைய கூட்டைப் பிளந்து வெளிவர வேண்டும். அப்போது மூச்சுக் குழாய்களின் உள்தோலும் சேர்ந்து உரிந்து வருகிறது. புதிதாக வந்த கரப்பான் பால் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். நிறமேறி இறுகச் சில மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் அதனால் ஓடவோ கடிக்கவோ சரியாக முடியாது, சொந்த இனமே தின்றுவிடுவதும் உண்டு. பெரிய உடம்புக்கு ஆபத்து இன்னும் கூடும், மென்மையாக இருக்கும்போது தன் எடையே அதை நசுக்கும். உங்கள் நாயகப் பூச்சிக்கு ஒளிவதற்கு ஓர் இடமும், காவல் காக்க ஒருவரும், நம்பிக்கை என்ற சிக்கலும் இங்கிருந்தே கிடைக்கும்.

கண்ணுக்குள் ஆயிரம் படங்கள் இல்லை

பூச்சியின் பார்வையில் ஒரே ஆள் ஆயிரம் தடவை தெரிவதாகக் காட்டுவது பழைய தவறு. கூட்டுக்கண்ணின் ஒவ்வொரு சில்லும் காட்சியின் ஒரு புள்ளியை மட்டும் தருகிறது, எல்லாம் சேர்ந்து ஒரே படம். தேனீக்குச் சுமார் 5,000 சில்லுகள், பெரிய தட்டானுக்கு 30,000 வரை. ஆகவே படம் மங்கல்தான். மனிதனுக்கு இணையான கூர்மை வேண்டுமென்றால் கூட்டுக்கண்ணின் விட்டம் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கூர்மையில் இழந்ததை வேகத்தில் ஈடுகட்டுகிறது ஈ. பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை துடிக்கும், நமக்குத் தொடர்ச்சியான வெளிச்சமாகத் தெரிவது ஈயின் கண்ணுக்கு அணைந்து அணைந்து எரிகிறது. ஒரு விண்கலத்தின் விளக்குகள் உங்கள் உயிரினத்துக்கு எப்படியிருக்கும் என்று எழுத இது போதும்.

ராணி கட்டளையிடுவதில்லை

கூட்டத்துக்கு ஒரே மூளை, அதை ராணி இயக்குகிறாள், ராணியைக் கொன்றால் எல்லாம் விழும் என்ற முடிவைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எறும்பு ராணி முட்டையிடுகிறாள், யாரையும் ஏவுவதில்லை. வேலைக்காரிகள் வாசனையையும் ஒருவரையொருவர் தொடுவதையும் வைத்து நடந்துகொள்கிறார்கள். சுவரில் போகும் எறும்பு வரிசையின் குறுக்கே ஈர விரலை ஒருமுறை அழுத்தித் தேயுங்கள். இரு பக்கமும் எறும்புகள் தேங்கும், தேடும், ஒன்றிரண்டு கடந்ததும் வரிசை மறுபடி ஒட்டிக்கொள்ளும். அந்தச் சில நிமிடத்தைப் படமெடுத்துப் பார்த்து எழுதுங்கள்.

கதைக் கூட்டத்துக்கு மூன்று விதி மட்டும் கொடுங்கள், நாலாவது வேண்டாம். உதாரணமாக: வாசனை இருந்தால் பின்பற்று, உணவு கிடைத்தால் திரும்பும்போது வாசனை இடு, வாசனை இல்லையென்றால் சுற்று. பிறகு அந்த விதிகள் எப்போது முட்டாள்தனமாகும் என்று தேடுங்கள். கண் தெரியாத படை எறும்புகள் பாதை தவறினால் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமடித்துச் சோர்ந்தே செத்துப்போகின்றன. விதி சரியாகத்தான் இயங்குகிறது, இடம்தான் தவறு.

செய்தியிலிருந்து கதைக்கு

அறிவியல் செய்தி படிக்கும்போது எந்த இனம், எந்த ஊர், ஆய்வகமா வெளிக்காடா, எதை அளந்தார்கள் என்ற நான்கையும் செய்தியின் உடலிலிருந்து எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். ஜெர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது என்று 2017-இல் வந்த ஆய்வு கவலைப்பட வைப்பது. அதற்காக உலகப் பூச்சிகளில் முக்கால்வாசி போய்விட்டதாகப் படித்துக்கொண்டால் தவறு.

எறும்பை இலையேறிக் கவ்வவைத்துக் கொல்லும் ஓஃபியோகார்டிசெப்ஸ் பூஞ்சை இன்னொன்று. அது மூளைக்குள் புகுந்து ஆட்டுவிக்கிறது என்றே எல்லாக் கதையும் சொல்கிறது. 2017-இல் எறும்பின் உடலை அடுக்கடுக்காகப் படம்பிடித்துப் பார்த்தபோது, பூஞ்சைச் செல்கள் தசைநார்களைச் சுற்றி வலையாகப் படர்ந்திருந்தன, மூளைக்குள் இல்லை. வேதிப்பொருள்கள் மூளையை எட்டியிருக்கலாம். ஆனால் கால் தனக்குச் சொந்தமில்லை என்பதை, தொடாமல் விடப்பட்ட மூளை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். பழைய கதையைவிடக் கொடியது அது.

விளக்கைச் சுற்றும் விட்டில் பற்றி 2024-இல் வந்த ஆய்வையும் சேர்த்துக்கொள்ளலாம். விட்டில் விளக்கிடம் கவரப்படுவதில்லை, வெளிச்சம் இருக்கும் பக்கத்தை வானம் என்று கொண்டு முதுகை அங்கே திருப்புகிறது, அதனால் சுற்றுப் பாதையில் மாட்டுகிறது. இனி கேளுங்கள்: மேல் கீழ் இல்லாத, எல்லாப் பக்கமும் விளக்கெரியும் விண்வெளி நிலையத்தில் அதற்கு எது வானம்? 1984-இல் சேலஞ்சர் விண்கலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தேனீக்கள் போய் அங்கே அடை கட்டின என்பதால், கேள்வி வெறும் கற்பனையும் இல்லை.

உறைதூக்கக் கதை (நீண்ட விண்பயணத்தில் ஆளை உறையவைத்துப் பிறகு எழுப்பும் கதை) எழுதுகிறவர்கள் ஆப்பிரிக்காவின் பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கி என்ற பூச்சியின் புழுவைப் படிக்கட்டும். பாறைக்குழித் தண்ணீர் வற்றும்போது தானும் வற்றி, உடம்பில் 3 விழுக்காடு நீரோடு கிடக்கும். 17 ஆண்டு கழித்து நனைத்தும் எழுந்திருக்கிறது. நிபந்தனை ஒன்று உண்டு: ஏறத்தாழ 48 மணி நேரம் மெதுவாகக் காய வேண்டும், அதற்குள்தான் செல்களைக் காக்கும் ட்ரெஹலோஸ் சர்க்கரை உடம்பில் சேரும். சட்டென்று காய்ந்தால் சாவுதான். கலத்தில் விபத்து, தூங்கப்போக இரண்டு நாள் வேண்டும், இருப்பது ஆறு மணி நேரம் என்றால் கதை தானே ஓடும்.

எழுதும்போது, 2,000 சொல் கதைக்கு இவற்றில் மூன்று தகவலுக்கு மேல் பக்கத்தில் ஏற்றாதீர்கள். மற்றவை நோட்டிலேயே இருக்கட்டும். ஏற்றும் மூன்றையும் விளக்கவுரையாக வைக்காமல் யாராவது ஒருவருக்கு இடைஞ்சலாக வையுங்கள். ஆக்சிஜன் அளவைப் பாடம் நடத்தும் விஞ்ஞானி வேண்டாம், அடுப்பு பற்றவைக்கப் பயப்படும் சமையல்காரர் போதும். முடித்ததும் நோட்டிலுள்ள எண்களோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். முதல் அத்தியாயத்தில் 40 சென்டிமீட்டராக இருந்த பூச்சி, சண்டைக் காட்சியில் கதவளவு ஆகியிருப்பதுதான் திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் பிழை.