சோழநாட்டில் நிலப்பிரபுத்துவமா? வாதத்தில் சறுக்கும் இடங்கள்

ஐப்பசிச் சதயம் வந்தால் தஞ்சாவூரில் ராஜராஜன் சிலைக்கு மாலை விழும். கூடவே பழைய சண்டையும் கிளம்பும். சோழர் காலம் பொற்காலம் என்பார் ஒருவர், அப்பட்டமான நிலப்பிரபுத்துவம் (நிலத்தைக் கையில் வைத்திருந்த பிரபுக்கள் உழவரைக் கட்டி ஆண்ட முறை) என்பார் இன்னொருவர். சறுக்குவதில் மட்டும் இருவரும் ஒற்றுமை.

ஐரோப்பாவில் போலக் கோட்டைப் பிரபு இல்லை, கவசக் குதிரைவீரன் இல்லை, ஆகவே நிலப்பிரபுத்துவமும் இல்லை என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். 1965-இல் வரலாற்றாசிரியர் ஆர்.எஸ். சர்மா இந்திய நிலப்பிரபுத்துவம் என்று சொன்னது வேறு. பிராமணருக்கும் கோயிலுக்கும் அரசர்கள் நிலக்கொடை கொடுக்கக் கொடுக்க, வரியும் அதிகாரமும் இடையிலிருந்தவர்கள் கைக்குப் போயின. வணிகமும் நாணயமும் தேய்ந்தன. உழவர் நிலத்தோடு கட்டுண்டனர் என்றார் அவர். அதை அப்படியே காவிரிக் கரையில் இறக்கி வைப்பதும் தவறுதான். அவருடைய சான்றுகளில் பெரும்பகுதி வடநாட்டவை. இங்கே கொடை ஏராளம், சரி. ஆனால் நாகப்பட்டினத்தில் கடல் வணிகம் செழித்தது, கல்வெட்டுகளில் காசு புரண்டது.

‘ஊரையே தானம் கொடுத்தான், ஆக மக்கள் அடிமைகள்’ என்ற வாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுமத்திராவின் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு (பௌத்தப் பள்ளி) ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை விட்டான். பெண் யானையை நடத்தி எல்லை வகுத்து, வாய்க்கால் வாய்க்காலாக அதைச் செப்பேட்டில் எழுதினார்கள். விகாரத்துக்குப் போனது அந்த ஊர் அரசுக்குக் கட்டவேண்டிய காணிக்கடன்: 8,943 கலத்துச் சொச்சம் நெல். வரி வாங்கும் உரிமை வேறு, உழுபவன் உடம்பின் மேல் உரிமை வேறு. இந்திய உழவன் பெரும்பாலும் தன் உழைப்பைத் தானே ஆண்டவன் என்று 1979-இல் இன்னொரு வரலாற்றாசிரியர் ஹர்பன்ஸ் முகியா சர்மாவை மறுத்தார்.

உடனே ‘சுதந்திர உழவர்’ என்று கொடி பிடிக்கவும் வேண்டாம். எந்த உழவர்? காணி (பரம்பரை நில உரிமை) உள்ளவரா, அவர் வயலில் நாற்று நட்டவரா? பெரிய கோயில் கல்வெட்டில் வரி நீங்கிய நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு பறையர் தனியே குடியிருந்த பறைச்சேரியும் வருகிறது. 1201 வாக்கில், நெல் விலை ஏறிய பஞ்சத்தில், திருப்பாம்புரத்தில் வெள்ளாளர் ஒருவரே இரண்டு மகள்களோடு 110 காசுக்குத் தன்னைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். காணி உள்ள சாதியிலேயே இந்த நிலை என்றால், இல்லாதவர் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நானூறு ஆண்டுச் சோழராட்சியை ஒரே படமாகப் பார்ப்பது இன்னொரு வழுக்கல். திருச்சிக்கு மேற்கே அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா ஒப்பிட்டார். வெள்ளாளர் ஊரான அல்லூரில் நிலம் ஊராரின் கூட்டுரிமையில் இருந்தது. பிரமதேயமான, அதாவது பிராமணருக்குக் கொடையாக விடப்பட்ட, ஈசானமங்கலத்தில் தனித்தனியாக. பிற்சோழர் காலத்தில் தனியுடைமை பரவிப் பெருநிலக்காரர்கள் தலையெடுத்தார்கள். ராஜராஜன் காலத்துக்குச் சரியான பதில் பிற்சோழனான மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

சோழ அரசன் பெயருக்குத்தான் அரசன் என்பவர்கள் அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்டன் ஸ்டெய்னைத் துணைக்கு அழைப்பார்கள். 1980-இல் அவர் அப்படிச் சொன்னது மையத்துக்கு வெளியே இருந்த நாடுகளை (ஊர்கள் சேர்ந்த வட்டாரங்களை) பற்றி. காவிரிப் படுகைதான் அந்த மையம்! (உத்தரமேரூர்க் குடவோலையை டெல்டா ஊர்களின் சாட்சியாகக் காட்டுவதும் இதே ரகம். அது தொண்டை நாட்டுப் பிரமதேயம்.)

கடைசியாக, பிற்காலத் தஞ்சையின் பெருநிலக்காரரான மிராசுதாரைத் தூக்கிச் சோழர் காலத்தில் உட்கார வைப்பது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உழவர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டதை நினைத்தால் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் தஞ்சைப் பண்ணையாள்களுக்காக 1952-இல் சட்டம் போடவேண்டி வந்த அந்தப் பண்ணை முறையை அறிய, நாயக்கர், மராட்டியர், கம்பெனி காலத்துக் கணக்குகளைத்தான் முதலில் புரட்ட வேண்டும். சோழர் கல்வெட்டு அதற்கு அப்புறம்.