செர்மாட்டில் குடும்பத்தோடு கோடை விடுமுறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு மே மாதம் விடுமுறை. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் மே மாதம் கோடையே இல்லை. பனிச்சறுக்குக் கூட்டம் கலைந்து, கோடைக் கூட்டம் வராத இடைக்காலம் அது. பல ஹோட்டல்கள் பூட்டிக் கிடக்கும், சில ரோப் கார்கள் பராமரிப்புக்காக நிற்கும், உயரமான நடைபாதைகளில் பனி கரைந்திருக்காது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் நல்ல காலம். மே மாதத்தை விட்டால் வழியில்லை என்பவர்கள் ஊரிலிருந்து மலையேறும் கோர்னர்கிராட் ரயிலை வைத்துத் திட்டமிடலாம். ஏரிகளைச் சுற்றி நடக்கும் ஆசையை ஒத்திவைக்க வேண்டும்.

அடுத்தது கார். செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார்களுக்கு அனுமதி இல்லை. 5 கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏற வேண்டும். 12 நிமிடப் பயணம். கார் இல்லாத ஊர்தானே என்று குழந்தைகளின் கையை விட்டுவிடாதீர்கள். குறுகலான தெருக்களில் மின்சார டாக்ஸிகள் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு உயரத்தைக் கணக்கில் எடுக்காதது. ஊர் இருப்பது சுமார் 1,600 மீட்டரில். ரோப் கார் உங்களை முக்கால் மணி நேரத்துக்குள் 3,883 மீட்டரில் உள்ள மேட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸ் என்ற பனிமலை நிலையத்தில் இறக்கிவிடும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. வந்து இறங்கிய மறுநாளே அங்கே ஓடினால் தலைவலியும் குமட்டலும் வருவதில் வியப்பில்லை. பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள், சின்னக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அது சிணுங்கும், சாப்பாடு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும், ஓரமாகச் சுருண்டு உட்காரும். தூக்கம் வருகிறது போல என்று விட்டுவிடாமல் உடனே கீழே இறக்குங்கள், அதுதான் மருந்து.

முதல் நாள் ஊருக்குள் சுற்றுங்கள். இரண்டாம் நாள் 2,288 மீட்டரில் உள்ள சுன்னெகா. அங்கே லைசே ஏரிக்கரையில் குழந்தைகள் தண்ணீரில் விளையாடலாம். மூன்றாம் நாள், 1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் ரயிலில் 3,089 மீட்டர். ஏறும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் மேட்டர்ஹார்ன் சிகரம் கூடவே வரும். கிளேசியர் பாரடைஸைக் கடைசி நாட்களுக்கு வையுங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டாம். கைக்குழந்தையோடும், இதய நோய் உள்ள பெரியவர்களோடும் அந்த உயரத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

உடையிலும் இதே கணக்குதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் 6 முதல் 7 டிகிரி குறையும். ஊரில் 20 டிகிரி வெயிலில் அரைக்கை சட்டையோடு கிளம்புகிறவர் உச்சியில் 5 டிகிரியில் நிற்பார், காற்று வீசினால் அதுவும் தாங்காது. ஒரே தடிமனான கோட்டைவிட பனியன், ஸ்வெட்டர், மழைக்கோட்டு என்று மூன்று அடுக்கு உதவும். ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது. குளிர்கிறதே என்று சன்ஸ்கிரீனை மறப்பதும் வழக்கம். பனி வெயிலைக் கீழிருந்து திருப்பி அடிக்கும். மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் விளிம்பிலும்கூடத் தோல் வெந்துபோகும். அந்த இடங்களிலும் தடவுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பவும். குழந்தைக்கும் கூலிங் கிளாஸ் கட்டாயம்.

மெதுவாக எழுந்து, சாப்பிட்டு, பதினோரு மணிக்கு மேலே போவது நம் பழக்கம். மலைக்கு அது ஒத்துவராது. வெயில் சரிவுகளைச் சூடாக்க, ஈரக்காற்று மேலெழும்பி மதியத்துக்குள் மேகமாகத் திரளும். பிற்பகலில் இடி மின்னல். கோர்னர்கிராட் ரயில் பாதையில் ரோட்டன்போடன் நிலையத்துக்குக் கீழே உள்ள ரிஃபெல்சே ஏரியில் மேட்டர்ஹார்ன் தலைகீழாகத் தெரிய வேண்டுமென்றால் காற்று எழும்புவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். ஒரு சிறு அலை போதும், பிம்பம் உடைந்துவிடும். டிக்கெட்டையும் முன்கூட்டி வாங்கிவிடாதீர்கள். காலையில் வெப்கேமராவில் உச்சியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான ரயில் பாஸான சுவிஸ் டிராவல் பாஸ் செர்மாட் வரைக்கும் முழுமையாகச் செல்லும், கோர்னர்கிராட் ரயிலுக்குப் பாதிக் கட்டணம் தனியாகக் கொடுக்க வேண்டும்.

வாடகை வீட்டில் சமைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரம் கூடுதலாகும், தண்ணீரும் சற்றுக் கூடுதலாகத் தேவை. துவரம்பருப்பு மசிய நெடுநேரம் ஆகும். மைசூர் பருப்பு கொண்டுபோங்கள், அல்லது சின்ன குக்கர்.

மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் எழுதியிருக்கும் நேரம் நிற்காமல் நடப்பவர்களுக்கானது. குழந்தைகளோடு என்றால் ஒன்றரை மடங்காவது கணக்கிடுங்கள். பலகையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு இருந்தால் கரடுமுரடான மலைப்பாதை, தள்ளுவண்டி ஏறாது. வெள்ளை-நீல-வெள்ளை என்றால் குடும்பத்தோடு கால் வைக்கவே கூடாது. ஏறும் நிலையத்திலேயே கடைசி வண்டி இறங்கும் நேரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அது மாலையில் சீக்கிரமே நின்றுவிடும். தவறவிட்டால் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுன்னெகாவிலிருந்துகூட சுமார் 700 மீட்டர் உயரத்தை நடந்தே இறங்க வேண்டியிருக்கும்.