என்எஃப்எஸ் மவுண்ட்: காலி டைரக்டரியை நம்பாதீர்கள்

போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் பதறிப்போய் வந்தார். சர்வரில் ரூட் டிஸ்க் முழுக்க நிறைந்துவிட்டது, எந்த ஃபைல் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று மட்டும் பிடிபடவில்லை. திரையைப் பார்க்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் இதே சிக்கலில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

வேறொரு சர்வரின் டிஸ்க்கை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் முறைதான் என்எஃப்எஸ்; அந்த டிஸ்க்கை நம் மெஷினின் ஒரு டைரக்டரியில் இணைப்பது மவுண்ட். அதில் நடக்கும் தப்புகளைப் பற்றித்தான் இது. ஐபி முகவரியைத் தப்பாக அடிப்பது மாதிரியான பிழைகளை இங்கே சொல்லப்போவதில்லை. அவை உடனே முகத்தைக் காட்டிவிடும்.

மவுண்ட் ஆகாத இடத்தில் எழுதுவது

என்எஃப்எஸ் சர்வர் படுத்திருக்கும்போது நம் மெஷினை ரீபூட் செய்தால் பூட் இழுத்துக்கொண்டே போகும். எரிச்சலில் எஃப்எஸ்டேப் (பூட்டின்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) வரியில் 'நோஃபெயில்' சேர்ப்போம். சரி, இனி காத்திருக்காமல் பூட் ஆகும். ஆனால் மவுண்ட் ஆகாவிட்டாலும் அந்த டைரக்டரி காலியாக அங்கேயே இருக்கும். ராத்திரி 2 மணிக்கு ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டுக்கு வித்தியாசம் தெரியாது. லோக்கல் டிஸ்க்கிலேயே எழுதிவிட்டு, வெற்றி என்று மெயிலும் அனுப்பிவிடும்.

எனக்கு நடந்தது இன்னும் மோசம். இடையில் யாரோ கையால் மவுண்ட் செய்துவிட்டார்கள். அதோடு அதுவரை எழுதிய ஃபைல்கள் மவுண்டுக்கு அடியில் மறைந்துவிட்டன. டிஸ்க்கில் மீதி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை டிஸ்க் நிறைந்ததாகச் சொல்கிறது, கண்ணில் படும் ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியூ கட்டளை எண்ணினால் பாதிகூட வரவில்லை. இடம் வேண்டுமென்று லாக் ஃபைல்களை அழித்தேன். மவுண்ட் ஏன் தோற்றது என்று சொல்லியிருக்கக்கூடியவை அவைதான். விடியும் நேரத்தில் ரூட் டிஸ்க்கை வேறொரு டைரக்டரியில் பைண்ட் மவுண்ட் செய்து (மேலே உட்கார்ந்த மவுண்ட் இல்லாமல் அடியில் இருப்பதைக் காட்டும் வழி இது) பார்த்தபோது அடியில் 11 நாள் பேக்கப் கிடந்தது. அந்த 11 நாளும் அந்த மெஷினுக்கு வெளியே ஒரு பிரதிகூட இல்லை. இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

பேக்கப் ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளையால் சோதியுங்கள்; மவுண்ட் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம், மவுண்ட் இல்லாத நேரத்தில் அந்தக் காலி டைரக்டரிக்கு 'சிஹெச்ஆட்டர்' கட்டளையில் 'பிளஸ் ஐ' (மாற்ற முடியாதபடி பூட்டும் குறி) போட்டுவிடுங்கள். ரூட் பயனரே நினைத்தாலும் உள்ளே ஃபைல் உருவாக்க முடியாது, மேலே மவுண்ட் மட்டும் வழக்கம்போல உட்காரும்.

டிஎஃப் தொங்குகிறதென்று 'சாஃப்ட்' போடுவது

என்எஃப்எஸ் சர்வர் பதில் தராவிட்டால் டிஎஃப் தொங்கும். 'சாஃப்ட்' என்ற மவுண்ட் ஆப்ஷன் போட்டால் நேரம் கடந்ததும் கெர்னல் பிழையைத் திருப்பும், பல புரோகிராம்கள் அதைக் கண்டுகொள்ளாது. பாதி எழுதிய ஃபைல்தான் மிஞ்சும். எழுதும் மவுண்டுக்கு டிஃபால்ட்டான 'ஹார்ட்' (பதில் வரும்வரை விடாமல் முயல்வது) இருக்கட்டும். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைச் சொல்லும் 'டைமியோ' எண் வினாடி அல்ல, வினாடியில் பத்தில் ஒரு பங்கு. 600 என்றால் 60 வினாடி.

எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் ஒரு இடைவெளி

எந்த டைரக்டரியை எந்த மெஷினுக்கு என்ன உரிமையோடு தருவது என்று சர்வரில் எழுதும் ஃபைல் இது. ஹோஸ்ட் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி விட்டால், குறிக்குள் கொடுத்த உரிமை எல்லோருக்கும் போய்விடும்.

ஃபயர்வால்

என்எஃப்எஸ் வெர்ஷன் 4-க்கு 2049 போர்ட் திறந்திருந்தால் போதும். 3-க்குப் போதாது.

பர்மிஷன் சிக்கலுக்கு 'நோ ரூட் ஸ்குவாஷ்'

நம் மெஷினின் ரூட் பயனருக்கு சர்வரின் ஃபைல்களிலும் ரூட் உரிமையையே தரும் ஆப்ஷன் இது. வேண்டாம். முதலில் இரண்டு பக்கமும் யூஐடி எண்ணை (பயனரை அடையாளம் காட்டும் எண்) ஒப்பிட்டுப் பாருங்கள்.