முதல் புத்தகத்தைச் சிறிய பதிப்பகத்துக்கு அனுப்புவது எப்படி?

கதையை எழுதி முடித்ததும், கிடைத்த பதிப்பக முகவரிகளுக்கெல்லாம் ஒரே கடிதத்தை அனுப்பிவிடக் கை துடிக்கும். என் முதல் சிறார் கதையை நான் அப்படித்தான் அனுப்பினேன். ஓரிடத்திலிருந்தும் பதில் வரவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. தனித்து இயங்கும் சிறிய பதிப்பகங்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான் வேலை செய்வார்கள். ஆண்டுக்கு ஒருசில புத்தகங்களே போடுவார்கள். எடுத்துக்கொண்ட ஒவ்வொன்றோடும் ஓராண்டோ இரண்டாண்டோ வாழ்வார்கள். அதனால் 'இது நல்ல கதையா?' என்பதோடு, 'இது நம் புத்தகமா?' என்றும் பார்ப்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு நாம்தான் முன்கூட்டியே பதில் தேடி வைக்க வேண்டும்.

1. முதலில் எழுத்தை முடியுங்கள்

நாவல் என்றால் கடைசி அத்தியாயம் வரை எழுதிவிட்டு, சில வாரங்கள் தொடாமல் வைத்திருந்து மறுபடி படியுங்கள். சிறார் கதை என்றால் இன்னொருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுக்கி விழுகிறாரோ, அங்கே வாக்கியம் சரியில்லை.

2. அவர்களுடைய புத்தகங்களைப் படியுங்கள்

நூலகத்தில் ஒரே பதிப்பகத்தின் மூன்று நான்கு புத்தகங்களையாவது எடுத்துப் பாருங்கள். எந்த வயதினருக்கு, எவ்வளவு நீளம், எப்படிப்பட்ட மொழி, எந்த மாதிரி ஓவியங்கள் என்பது பிடிபடும். உங்கள் கதையை அந்த வரிசையில் மனத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அனுப்பலாம். கவிதை மட்டும் போடுகிறவர்களுக்கு நாவலை அனுப்புவது இரு தரப்புக்கும் வீண் அலைச்சல்.

3. விதிமுறைகளை வரி வரியாகப் படியுங்கள்

சில பதிப்பகங்கள் ஆண்டில் குறிப்பிட்ட மாதங்களில் மட்டுமே எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளைப் பெற்றுக்கொள்ளும். சில, எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களோடு பேசும் இலக்கிய முகவர் வழியாக வருவதை மட்டும் பார்க்கும். ஒரே நேரத்தில் வேறு இடத்துக்கும் அனுப்பலாமா, கோப்பை இணைக்க வேண்டுமா, மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்ட வேண்டுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். நாவலுக்குப் பெரும்பாலும் முதல் மூன்று அத்தியாயங்களும் கதைச்சுருக்கமும் கேட்பார்கள். படப் புத்தகத்துக்கு முழுப் பிரதியே வேண்டும்.

கோப்பைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். யூனிகோடு எழுத்துரு, 12 புள்ளி அளவு, இரட்டை வரி இடைவெளி, பக்க எண், கோப்பின் பெயரிலேயே தலைப்பும் உங்கள் பெயரும். அலங்காரம் எதுவும் தேவையில்லை.

4. படப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பெரிய தாளில் அச்சடித்து மடித்துத்தான் புத்தகம் உருவாகிறது என்பதால் பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற மடங்குகளில் வரும். படப் புத்தகத்துக்கு 32 பக்கம் என்பது உலகெங்கும் வழக்கமான அளவு. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் போன்றவை போனால், கதைக்குச் சுமார் 12 முதல் 14 விரிபக்கங்கள் (புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்கள் சேர்ந்தது ஒரு விரிபக்கம்) கிடைக்கும். எட்டுத் தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 32 பக்க மாதிரிப் புத்தகம் ஆகிவிடும். அதில் உங்கள் வரிகளை வெட்டி ஒட்டிப் பாருங்கள். பக்கத்தைத் திருப்பும் கணத்தில் குழந்தைக்கு ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறதா? ஓவியம் சொல்லப்போவதை நீங்களும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா? இதைச் செய்து பார்த்தபோது என் பிரதியில் பாதி வரிகள் தேவையில்லை என்று தெரிந்தது. ஆயிரம் சொற்களைத் தாண்டினால் கட்டாயம் மறுபடி பாருங்கள்.

இன்னொன்று, சொந்தச் செலவில் ஓவியரை அமர்த்தாதீர்கள். ஓவியரைப் பெரும்பாலும் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும். எழுத்து பிடித்து, கூடவே வந்த ஓவியம் பிடிக்காமல் போனால் சிக்கல் உங்களுக்குத்தான். நீங்களே ஓவியராகவும் இருந்தால், பென்சில் மாதிரிப் புத்தகத்தோடு முழுமையாக வரைந்த இரண்டு மூன்று படங்கள் போதும்.

5. கடிதம்

ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கதையை ஓரிரு வாக்கியத்தில் சொல்லுங்கள்: 'காது மந்தமாகிவரும் தாத்தாவுக்காக, எட்டு வயது மலர் வீட்டின் சத்தங்களைப் படங்களாக வரையத் தொடங்குகிறாள்.' பிறகு வயது வரம்பு, சொற்களின் எண்ணிக்கை, ஏன் இந்தப் பதிப்பகம் என்பதற்கு ஒரு வரி, உங்களைப் பற்றி இரண்டு வரி. வீட்டுக் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது என்று எழுதுவதால் பயனில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான். கதைச்சுருக்கம் கேட்டால் முடிவையும் சேர்த்தே எழுதுங்கள். பதிப்பாசிரியரிடம் மர்மம் வைக்கக் கூடாது.

6. காத்திருப்பு

எங்கே, என்று, எதை அனுப்பினீர்கள் என்று குறித்து வையுங்கள். பதில் வர மூன்று முதல் ஆறு மாதம் ஆவது சகஜம். அவர்கள் சொன்ன கெடு தாண்டினால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால் மற்றவர்களுக்கு உடனே தெரிவித்துவிடுங்கள். மறுப்போடு இரண்டு வரிக் காரணமும் எழுதியிருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நேரமில்லாத ஒருவர் உங்களுக்காக உட்கார்ந்து எழுதியது அது.

7. ஒப்பந்தம்

பதிப்பகம் உங்களிடம் பணம் கேட்டால், அது நாம் இங்கே பேசும் வகைப் பதிப்பகம் இல்லை. சரி, ஒப்பந்தம் கைக்கு வந்தால் எதைப் பார்ப்பது? ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் உங்களுக்கு வரும் பங்கு, அதன் சதவீதம் புத்தக விலையின் மீதா, தள்ளுபடி போகக் கையில் வரும் தொகையின் மீதா என்று பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. படப் புத்தகத்தில் அந்தத் தொகையை ஓவியரோடு பகிர்வது வழக்கம். மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், மின்னூல் உரிமைகள் யாரிடம் இருக்கும், புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பதிப்புரிமை உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பதிப்புரிமைக்காக 1886இல் உருவான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில், எழுதிய உடனேயே, பதிவு செய்யாமலே அந்த உரிமை எழுத்தாளருக்கு வந்துவிடுகிறது. புரியாத பிரிவு இருந்தால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.