மின்னஞ்சல் பெட்டியை ஃபோல்டராக மவுண்ட் செய்யும் நிரலை இருவர் சேர்ந்து எழுதுவது எப்படி

லினக்ஸில் ஃபியூஸ் (சாதாரண நிரலே கோப்பு முறைமையாக நடிக்க வழி செய்வது) இருப்பதால் ஐமேப் (சர்வரில் இருக்கும் மடல்களை அங்கேயே வைத்துக் கையாளும் நெறிமுறை) பெட்டியை ஃபோல்டராக மவுண்ட் செய்து அதில் கிரெப் (கோப்புகளுக்குள் சொல் தேடும் கட்டளை) ஓட்டுவது சாத்தியம்தான். புது யோசனையும் இல்லை, பிளான் 9 என்ற இயங்குதளத்தில் ஒவ்வொரு மடலும் ஒரு டைரக்டரியாகவே தெரியும்.

ஒருவர் ஃபியூஸ் பக்கம், இன்னொருவர் ஐமேப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஐந்தாறு ஃபங்ஷன் போதும்: பட்டியல், அளவு, படிப்பு, நகர்த்தல், அழித்தல். நிரல் எழுதும் முன் இவற்றை ஒரே கோப்பில் எழுதி இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். சண்டை வருவது ஃபங்ஷன் பெயரில் இல்லை, அது என்ன உத்தரவாதம் தருகிறது என்பதில்தான்.

முதலில் கோப்பின் பெயர். மடலின் தலைப்பையே வைக்கலாம் என்று தோன்றும், வேண்டாம்: ஒரே தலைப்பில் பத்து மடல் வரும், நடுவில் சாய்கோடு இருக்கும், அதோடு லினக்ஸில் பெயருக்கு 255 பைட்தான் வரம்பு. யூடிஎஃப்-8-இல் 'கொ' ஒன்றே 6 பைட் என்பதால் தமிழ்த் தலைப்பு சீக்கிரமே முட்டி நிற்கும். ஒவ்வொரு மடலுக்கும் சர்வர் தரும் யூஐடி எண்ணையே பெயராக்குங்கள். பழைய யூஐடிகள் இன்னும் செல்லுமா என்று காட்டும் யூஐடிவேலிடிட்டி எண் மாறினால் கேஷ் (சேமித்து வைத்த நகல்) மொத்தத்தையும் தூக்கிப் போடவேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள்.

அப்புறம் அளவு. கோப்புகளை விவரத்தோடு பட்டியலிடும் எல்எஸ் -எல் அடித்தாலே ஒவ்வொரு கோப்புக்கும் கெட்ஆட்டர் (அளவு போன்ற விவரம் கேட்கும் ஃபியூஸ் அழைப்பு) வரும், அதற்காக மடலை இறக்கினால் கதை முடிந்தது, ஐமேப்பிடம் ஆர்எஃப்சி822.சைஸ் (மடலின் அளவு மட்டும்) கேட்டால் போதும். படிக்கும்போது, 'படித்தது' குறி போடாமல் மடலைத் தரும் பாடி.பீக் கட்டாயம், இல்லாவிட்டால் ஃபைல் மேனேஜர் முன்னோட்டம் காட்டத் திறந்த மடலெல்லாம் 'படித்தது' ஆகிவிடும். ஐமேப்பில் மடலைத் திருத்தவே முடியாது, ஆகவே முதல் பதிப்பு படிக்க மட்டும். அழித்தலைப் பிறகு சேர்க்கும்போது வெறும் எக்ஸ்பஞ்ச் (அழிக்கக் குறித்தவற்றை நிரந்தரமாக நீக்கும் கட்டளை) அனுப்பாதீர்கள், வேறு செயலி அழிக்கக் குறித்து வைத்த மடல்களும் சேர்ந்து போய்விடும். சர்வர் யூஐடிபிளஸ் என்ற நீட்டிப்பைத் தந்தால், சொன்ன யூஐடிகளை மட்டும் நீக்கும் யூஐடி எக்ஸ்பஞ்ச் பயன்படுத்துங்கள்.

ஃபியூஸ் பக்கம் எழுதுபவர் ஐமேப் பக்கம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பைதான் என்றால் மெயில்பாக்ஸ் மாட்யூலை வைத்து ஒரு மெயில்டிரைப் (மடலுக்கு ஒரு கோப்பாகச் சேமிக்கும் ஃபோல்டர்) படித்து ஐமேப் பக்கத்துக்குப் பதிலாக நிற்கும் போலி பேக்எண்டை அரை நாளில் எழுதிவிடலாம். பிறகு சொந்தக் கணினியில் டவ்காட் என்ற ஐமேப் சர்வரை நிறுவிச் சோதியுங்கள், தயவுசெய்து உங்கள் நிஜ இன்பாக்ஸில் வேண்டாம்.

பிழைகளையும் அதே கோப்பில் எழுதுங்கள். இணைப்பு அறுந்தால் ஐமேப் பக்கம் காலிப் பட்டியல் தரவே கூடாது, பிழை எழுப்பவேண்டும், ஃபியூஸ் பக்கம் அதை இஐஓ (உள்ளீடு/வெளியீட்டுப் பிழை) ஆக்கவேண்டும். காலி என்று சொல்லிவிட்டால், பின்னணியில் ஓடும் ஆர்சிங்க் --டிலீட் (மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் பேக்கப் கட்டளை) அதை நம்பி உங்கள் பேக்கப்பைத் துடைத்துவிடும்.